கடையா, வீடா?

"அந்த ஒரு தெருவை மட்டும் நானே எடுத்துக்கறேன் சார்" என்று அவள் கேட்டதும் மேலதிகாரி சிரித்துவிட்டார்.

"உங்க தெருவாச்சே. யார் மேல கோபம்?"



நகரத்துக் காற்றைச் சூடாக்கும் வாயு எங்கெங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று கணக்கெடுக்கும் வேலை. அடுப்பு, வண்டி, குப்பை, ஜெனரேட்டர் என்று தனித்தனியாக. வீட்டுக்கு ஒரு கணக்கு, கடைக்கு ஒரு கணக்கு. அளவு மீறும் கடை ஜெனரேட்டர்களுக்குச் சீல் வைக்கப்போகிறார்கள் என்றும் பேச்சு.

அவள் மனதில் இருந்தது தெருமுனை ஜெராக்ஸ் கடை. கரண்ட் போனால் போதும், பின்கட்டில் டீசல் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கிவிடும். கடைக்காரருக்கு அவள் வைத்த பெயர் 'புகைவண்டி'. வீட்டில் அதைச் சொன்னால் அப்பா இருமிக்கொண்டே சிரிப்பார். அம்மா மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

மறுநாள் மேலதிகாரியும் அவளோடு அந்தக் கடைக்கு வந்தார். கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்து அவருக்குப் போட்டார்.

"மாசத்துக்கு எவ்வளவு டீசல் ஊத்தறீங்க?" என்று ஆரம்பித்தாள் அவள்.

அவர் சொன்ன அளவைக் கேட்டு மேலதிகாரி நிமிர்ந்தார். "ரெண்டு மெஷினுக்கா? ஒரு சினிமா தியேட்டரே ஓட்டலாமேய்யா."

"ஆகுது சார்."

"கடையைப் பூட்டினப்புறமும் ஓடுது சார்" என்றாள் அவள். "நடுராத்திரியிலயும் ஓடுது. பின்னாடியே படுக்கற இவருக்குத் தூங்க ஃபேன் வேணும்ல."

கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"பக்கத்துல மூச்சுவிடவே கஷ்டப்படற மனுஷன் ஒருத்தர் இருக்கார். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா இப்படிப் பண்றீங்க?"

அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"வேற ஏதாவது ஓடுதா அதுல?" என்றார் மேலதிகாரி.

"இல்ல சார். எழுதிக்கோங்க."

அப்போது கரண்ட் போனது.

அடுக்கியதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டுக் கடைக்காரர் பின்கட்டுக்கு ஓடினார். ஜெனரேட்டர் உறுமியது.

ஆனால் கடையில் ஒரு விளக்கும் எரியவில்லை. மெஷின் இரண்டும் செத்துக் கிடந்தன. தலைக்கு மேல் ஃபேன் மெல்லச் சுழன்று நின்றது.

"அப்போ கரண்ட் எங்கதான் போகுது?" என்று மேலதிகாரி எழுந்து போனார். அவளும் பின்னால் போனாள்.

ஜெனரேட்டரிலிருந்து கிளம்பிய கறுப்பு ஒயர் மதிலேறி, அந்தப் பக்கம் இறங்கி, நீலத் திரை போட்ட ஒரு ஜன்னலுக்குள் நுழைந்திருந்தது.

அவள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க ஒருத்தருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடுது சார்" என்றார் கடைக்காரர், மேலதிகாரியை மட்டும் பார்த்து. "அவங்க பொண்ணு ஆசையா ஒரு இன்வர்ட்டர் வாங்கிப் போட்டுது. அது இந்த மெஷினைத் தாங்கல. சொன்னா வருத்தப்படும்னு அந்தப் பொண்ணோட அம்மா சொல்லவே இல்ல. கடைக்கும் சேர்த்து இந்த ஜெனரேட்டர் இழுக்காது. அதான்..."

"நல்ல பொண்ணுய்யா! இத்தனை நாளா வீட்டுல என்ன நடக்குதுன்னே தெரியாமலா இருக்கும்?"

"சின்னப் பொண்ணு சார். வேலைக்கு ஓடறதுக்கே நேரம் சரியா இருக்கும்."

இப்போதும் அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

மேலதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி, இதை எதுல சேர்க்கறது? கடையா, வீடா?"

"கடைன்னே போட்டுக்கோங்க சார். என்னோடதாவே இருக்கட்டும்."

"வீடுன்னு எழுதுங்க சார்" என்றாள் அவள்.

"யார் வீடு?"

"எங்க வீடு."