உளுந்தங்களியும் மீன் எண்ணெயும்

"கண்ண மூடிகினு ஒரே முழுங்கா முழுங்கிடு கண்ணு. இந்த வயசுல உள்ள போற எண்ணெதான் ஒடம்புல நிக்கும்." பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெய் விட்ட டம்ளரை நீட்டினாள் தாயம்மா. அடுப்பில் உளுந்தங்களி வெந்துகொண்டிருந்தது.

வாசனை பிடித்து வந்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னா தாயம்மா, பச்ச முட்ட, உளுந்தங்களின்னு தடபுடலா கீது? உன் ஊட்ல பொம்பளப் புள்ளயே கெடையாதே, யாரு வயசுக்கு வந்தது?"

டம்ளரைக் காலி செய்துவிட்டு, ஓக்காளித்தபடி எழுந்து வந்தான் தாயம்மாவின் ஒரே மகன் பரந்தாமன். வயது இருபத்து நாலு. அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர்.

"எல்லாம் மீசைக்குத்தான். அது மட்டும் வந்துட்டா, புள்ளைக்குக் கல்யாணம்" என்றாள் தாயம்மா.

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம், நசரத்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனபோது ஆரம்பித்தது இந்தக் கூத்து. துணைக்கு வந்தவன் சிநேகிதன் துலுக்காணம். லாரி டிரைவர்; பாதி முகம் மீசை. பெண் வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. பரந்தாமன் கூச்சத்தில் அதைத் துலுக்காணத்தின் பக்கம் தள்ளிவிட்டு, தான் பாயில் ஒடுங்கிக்கொண்டான்.

நாகவல்லி குனிந்த தலை நிமிராமல் காபியை வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். பிறகு கதவிடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்த ஒரு கண்ணிலேயே பரந்தாமன் கவிழ்ந்துவிட்டான்.

மறுநாள் தரகர் வந்தார். "குடும்பம் புடிச்சிருக்காம், உத்தியோகம் புடிச்சிருக்காம். மீச விசயத்துலதான் பொண்ணு மனசு ஒப்பலியாம்."

பரந்தாமன் கண்ணாடியைப் பார்த்தான். மூக்குக்குக் கீழே எண்ணிவிடலாம் போல நாலைந்து ரோமங்கள், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் நின்றன. "இருந்தாத்தானேப்பா புடிக்கும்" என்று தரகரும் தலையைச் சொறிந்தார்.

அன்றைக்கே பூந்தமல்லிக்கு சைக்கிளை மிதித்தான். மருந்துக் கடையில் கம்பவுண்டர் ஹாஜா மொய்தீன் அவன் முகவாயைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, ஆம்பள ஹார்மோன்னு ஒண்ணு கீது. ஒடம்பு அத கொழுப்புலேந்துதான் தயார் பண்ணுது. நீ இன்னா துன்றே?"

"மோரு சோறு, ஊறுகா பாய்."

"அப்புறம் மீச எப்டி வரும், ஊறுகாதான் வரும்! முட்டைக் கரு, நெய்யி, நல்லெண்ணெ எல்லாம் அள்ளி உடு. கூடவே இந்த மீன் எண்ணெ மாத்திரையும் போடு."

அள்ளித்தான் விட்டான். மீன் எண்ணெய் ஏப்பம் தாங்காமல் பட்டறையில் பக்கத்து மெஷின்காரர் வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வேலப்பன்சாவடிப் பூனைகள் அவன் சைக்கிளுக்குப் பின்னாலேயே வீடுவரை வந்தன. அது போதாதென்று, வயதுக்கு வந்த பெண்களுக்குக் கொடுக்கிற களியையும் தாயம்மா தன் பங்குக்குக் கிண்டினாள்.

கடைசியில் வயிறு கலகலத்துப்போய் டாக்டரிடம் ஓடவேண்டியதாயிற்று. கதையைக் கேட்டு அவர் சிரித்தார். "ஹார்மோனுக்குக் கொழுப்பு வேணும்தான்ப்பா, அளவோட. அண்டா அண்டாவா ஊத்தினா தொப்பைதான் வளரும். சில பேருக்கு மீசை லேட்டாத்தான் வரும், பேசாம இரு."

"தொப்ப வந்தா வந்துட்டுப் போவுது சார். மீச வந்தா போதும்."

இரண்டுமே வந்தன. எண்ணெய் செய்த வேலையோ, வயது செய்த வேலையோ, அடுத்த ஆவணிக்குள் பரந்தாமனின் மூக்குக்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு மீசை திரண்டு நின்றது. அதை முறுக்கி முறுக்கியே அவனுக்கு விரல் காய்த்துப்போயிற்று. தொப்பைக்காகச் சட்டைப் பொத்தான்களை மட்டும் தள்ளித் தைக்க வேண்டியிருந்தது.

நாகவல்லிக்கு இன்னும் இடம் குதிரவில்லை என்று தரகர் சொன்னதும், அம்மாவையும் அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி நசரத்பேட்டைக்குக் கிளம்பினான். துலுக்காணம் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போயிருந்தான். இந்தத் தடவை கூச்சமாவது ஒன்றாவது. அதே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான் பரந்தாமன்.

காபித் தட்டோடு வந்த நாகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். இதற்குத்தானே இத்தனை பாடு என்று பரந்தாமன் மீசை நுனியை ஒரு முறுக்கு முறுக்கினான். அவள் முகம் தொங்கிப்போயிற்று. தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு விடுவிடென்று சமையலறைக்குள் போனாள். அழுகையும் ஆத்திரமுமாக அவள் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது.

"இன்னாம்மா இது, மறுபடியும் மீசக்காரரையே இட்டாந்துகீறாங்க? அன்னிக்கி மீச இல்லாம பாயில குந்திகினு இருந்தாரே, அவரு வரலியா?"