எதிர்க்கரையில் ஒரு மொந்தன்

வெள்ளம் வடிந்து மாதங்கள் ஆகியும் ராசாம்பாளின் மொந்தன் வாழைத்தோட்டம் இருந்த இடத்தில் ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் புதிதாக ஒரு வண்டல் மேடு எழும்பியிருந்தது. அது தன் தோட்டத்து மண்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கேட்காமல் விடுவதில்லை என்று பரிசலில் ஏறினாள்.

“மண்ணைக் கேக்கப் போறியே, அள்ளிக்கிட்டு வர சாக்கு எடுத்துக்கிட்டியா?” என்று பரிசல்காரர் சிரித்தார்.

மேட்டில் வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே அந்த ஊர்க்காரன் அருளப்பன் களை பறித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு மொந்தன் வாழை நின்றது. அந்தக் கரையில் மொந்தன் போடுபவர்களே கிடையாது.

“இந்த வாழை யாரு வச்சது?”

“யாரும் வைக்கலக்கா. வண்டலோட கெழங்கு வந்திருக்கு. தானா மொளைச்சிது.”

“அது எங்க கெழங்கு. மண்ணும் எங்களோடதுதான் தம்பி. தோட்டமே போயி நடுத்தெருவுல நிக்கிறோம்.”

அருளப்பன் கோபப்படவில்லை. “நான் சின்னப்பயலா இருந்தப்ப எங்க கொல்லையும் இப்படித்தான் போச்சு. ஒங்க கரையில மேடு விழுந்துச்சு. ஒங்க மாமனார்தான் அதுல வாழை வச்சாரு. எங்கப்பா இங்க நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு.”

ராசாம்பாள் வெள்ளரிக் கொடிகளைத் தாண்டி நடந்தாள். வாழை ஆற்றுப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அதன் அடியில் அணைத்தாள். அருளப்பன் மண்வெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.