நேற்று வந்து சேரும்

சாந்தியாகோ தெல் எஸ்தெரோ ஊரில் மதியம் ஒரு மணிக்குத் தூக்கத்துக்காகக் கடை ஷட்டர்கள் இறங்கினால் ஐந்து மணிக்குத்தான் ஏறும். இடையில் நாய்கூடக் குரைக்காது. அந்த நேரத்தில்தான், ஊரார் மரியாதையாகத் ‘தோன்யா’ என்று அழைக்கும் எர்மெலிந்தாவின் நிறுவனத்துக்குள் யாரோ புகுந்துகொண்டிருந்தார்கள்.

கதவு வழியாக அல்ல, இணையம் வழியாக.

நிறுவனம் என்றால் அவரும் எவாரிஸ்தோவும் மட்டும். விற்பது ஒரே ஒரு பொருள்: இணையக் கடைகளில் செருகிக்கொள்ளும் ஒரு பிளகின். வாங்குபவர் தன் ஊரைச் சொன்னதும், அனுப்ப எவ்வளவு செலவாகும், பொருள் என்றைக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். ஒன்பது வருடமாக அதை எழுதிவருபவன் எவாரிஸ்தோ.

நிரலில் எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்பது தானாகவே பதிவாகிவிடும். அப்படித்தான் எர்மெலிந்தாவுக்கு விஷயம் தெரிந்தது. சில வாரங்களாக, ஊரே தூங்கும் அந்த மதிய நேரத்தில், எவாரிஸ்தோவின் பெயரில் மாற்றங்கள் நடந்திருந்தன.

என்ன மாற்றம் என்பதுதான் வினோதம். அனுப்பும் செலவுக் கணக்கை எவாரிஸ்தோ பதினோரு இடத்தில் எழுதி வைத்திருந்தான். கட்டணம் ஏறினால் பதினோரு இடத்திலும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் ஏதோ ஓர் ஊருக்கு மட்டும் பழைய கட்டணம் காட்டும். வந்தவன் அந்தக் கணக்கை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, மற்ற இடங்களெல்லாம் அங்கே வந்து கேட்டுக்கொள்ளும்படி செய்திருந்தான். ‘அது’, ‘அது2’, ‘அது2புதுசு’ என்று கிடந்த பெயர்களை ‘எடை’, ‘தூரம்’, ‘விடுமுறை நாள்’ என்று மாற்றியிருந்தான். விடை சரியாக வருகிறதா என்று நிரல் தானே பார்த்துக்கொள்ள, ஒவ்வொரு கணக்குக்கும் சின்னச் சோதனை ஒன்றைச் சேர்த்திருந்தான். எர்மெலிந்தா படித்துப் பார்த்தார். முதல் முறையாகப் புரிந்தது. உடனே போலீஸுக்குக் கிளம்பினார்.

காவல் நிலையத்தில் துணை ஆய்வாளர் லெதெஸ்மா, என்ன காணாமல் போயிருக்கிறது என்று கேட்டார். எதுவும் போகவில்லை, முன்னைவிட நன்றாக ஆகியிருக்கிறது என்றார் எர்மெலிந்தா.

“வீட்டுக்குள்ள புகுந்து பெருக்கிட்டுப் போயிட்டான்னு கம்ப்ளெயின்ட் கொடுக்க வந்தீங்களா?”

“திருடன் எதுக்குங்க பெருக்கறான்? காலடித் தடத்தை அழிக்கத்தானே?”

வாங்குபவர்களின் கார்டு எண்களை உருவ எங்கோ ஓட்டை போட்டுவிட்டு, மேலே பூசி மெழுகுகிறான் என்பது அவர் கணிப்பு. லெதெஸ்மாவுக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் இந்த ஊரில் மதியத் தூக்க நேரத்தில் வேலை செய்கிறவன் யோக்கியனாக இருக்க முடியாது என்பது உடனே புரிந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டார். அன்றே எவாரிஸ்தோவைப் பிடிக்க வந்துவிட்டார்.

தன் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருப்பதாகவும், யார் வேண்டுமானாலும் நுழைந்திருக்கலாம் என்றும் எவாரிஸ்தோ கெஞ்சினான். அது எடுபடவில்லை. கடைசியில் முதலாளியிடம் திரும்பினான்.

“ஒன்பது வருஷமா என்னைப் பாக்கறீங்க, தோன்யா. இவ்வளவு சுத்தமா நான் என்னிக்காவது எழுதியிருக்கேனா?”

எர்மெலிந்தா அசந்துபோனார். மறுக்க முடியாத வாதம். லெதெஸ்மா மட்டும் மசியவில்லை. மறுநாள் மதியம் ஒரு பொறி வைக்கலாம், வேறு யாரும் சிக்காவிட்டால் எவாரிஸ்தோ போலீஸ் வண்டியில் ஏற வேண்டும் என்று முடிவானது.

சுத்தம் பார்க்கிறவனை இழுக்க அழுக்குதான் வேண்டும். எவாரிஸ்தோ தன் பழைய பாணியில் ஒரு தப்பைச் செய்தான். அதில் அவனுக்குச் சிரமமே இல்லை. தேதிக் கணக்கில் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தான். இனி எதை வாங்கினாலும் ‘நேற்று வந்து சேரும்’ என்று காட்டும். அவர்களிடம் பிளகின் வாங்கிய கடைகளெல்லாம் இந்த மாகாணத்துக்குள்தான். தூங்கும் நேரத்தில் இங்கே ஒருவரும் எதுவும் வாங்கமாட்டார்கள். ஆகவே ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கியதும் தைரியமாக வெளியிட்டார்கள்.

மூவரும் காவல் இருந்தார்கள். மாதே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை கைமாறி ஒரு சுற்று வந்தது. இரண்டாம் சுற்றில் லெதெஸ்மா அதைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனார். எவாரிஸ்தோ மேஜைமேல் கவிழ்ந்தான். எர்மெலிந்தாவும் கண்ணைக் கொஞ்சம்தான் மூடினார்.

போன் அலறியது. எர்மெலிந்தா விழித்துத் திரையைப் பார்த்தார். கழித்தல் மறுபடி கூட்டலாகியிருந்தது. சற்றுமுன்தான், எவாரிஸ்தோவின் பெயரில். எவாரிஸ்தோவோ கன்னத்தில் மேஜை விளிம்பின் தடத்தோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் தப்பித்தான். அப்படியானால் உள்ளே புகுந்தவன் வெளியாள், பெரிய கை. போனை எடுத்தார்.

தலைநகரத்து உச்சரிப்பில் ஒருவன் பொரிந்து தள்ளினான். “என்னங்க வேலை பாக்கறீங்க? நேத்து வந்து சேரும்னு காட்டுது. இங்க புவேனோஸ் அய்ரேஸ்ல எவன் மத்தியானம் தூங்கறான்? அத்தனை கடைக்காரனும் எனக்குப் போன் போட்டுக் காய்ச்சறான்.”

எங்களுக்கு அங்கே ஒரு கடைகூடக் கிடையாதே, நீங்கள் யார் என்று கேட்டார் எர்மெலிந்தா.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

“மூணு வருஷமா உங்க பிளகினைத் திருடி என் பேர்ல வித்துட்டிருக்கேன், அம்மா. நீங்க புதுசா வெளியிடறப்பல்லாம் எடுத்துட்டு வந்து இங்க சுத்தம் பண்ணி மாளலைன்னுதான், அங்கேயே வந்து பண்ணிட்டு, நீங்க வெளியிடறதை அப்படியே என் கடைகளுக்கு விட்டுட்டிருந்தேன்; திரும்பத் திரும்ப நீங்க இப்படி எழுதினா நான் எப்படிங்க பிழைக்கிறது?”