மேற்கு மூலையில் மட்டும் பச்சை

"முதல்ல அந்த மனுஷன்கிட்ட இருந்து சாவியை வாங்குங்க" என்றார் க்ளெனிஸ். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

மெல்பர்னில் ஒரு வாரமாக அனல். வெயில் கட்டடத்துக்குள் இறங்காமல் இருக்கத்தான் மொட்டைமாடி முழுக்க மண் பரப்பிச் செடி வளர்க்கிறோம். மழைத்தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இருப்பதை ஊற்றுவது சால்வுவின் பொறுப்பு; தொட்டிக் குழாயின் சாவியும் அவரிடம்தான். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"என் புதினா கருகிப்போச்சு. ஜேனட்டோட தக்காளியும் போச்சு. மேற்கு மூலை மட்டும் பச்சைப்பசேல்னு இருக்கு. அங்க அப்படி என்னதான் வச்சிருக்கீங்க, சால்வு?" என்றார் க்ளெனிஸ்.

"வெறும் புல்லுதாம்மா."

"புல்லுக்கு விருந்து, தக்காளிக்குப் பட்டினியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சால்வுவும் சிரித்தார்.

"உங்க கத்தரியும்தானே காஞ்சு கிடக்கு, சால்வு?" என்றேன். கூட்டத்துக்குத் தலைவன் நான். யார் பக்கம் நியாயம் என்பது எனக்குச் சட்டென்று பிடிபடுவதே இல்லை.

"கத்தரிக்காய் கடையில கிடைக்கும்" என்றார்.

பேச்சை மாற்ற, "ரஸ்ஸல் எப்படி இருக்கார்?" என்று க்ளெனிஸிடம் கேட்டேன். அவருடைய கணவருக்கு இதய ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது.

க்ளெனிஸின் முகம் இளகியது. "தேவலை. வீடெல்லாம் அடுப்பா கொதிக்குது. அவர் படுத்திருக்கிற அறை மட்டும் என்னமோ குளுகுளுன்னு இருக்கு. யாருக்கு நன்றி சொல்றதுன்னே தெரியல."

கைதூக்கச் சொன்னேன். பெரும்பாலான கைகள் க்ளெனிஸ் பக்கம்.

"இனிமே நானே ஊத்துறேன். தண்ணி மொத்தமும் புதினாவுக்கும் தக்காளிக்கும்தான்" என்று க்ளெனிஸ் கையை நீட்டினார்.

சால்வு சாவியை எடுத்தார். கொடுக்காமல் தயங்கினார்.

"மத்ததெல்லாம் உங்க இஷ்டம்மா. வெயில் தணியற வரைக்கும் மேற்கு மூலை மட்டும் காயாம பாத்துக்கங்க."

"அந்தப் புல்லு மேல உங்களுக்கு ஏன் அவ்வளவு பாசம்?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்ப, ரஸ்ஸல் கட்டிலை நகர்த்திப் போட்டது நான்தானே. அது அந்தப் புல்லுக்கு நேர் கீழதாம்மா இருக்கு."

க்ளெனிஸ் நீட்டிய கையை மடக்கவில்லை. சாவியோடு சேர்த்து சால்வுவின் விரல்களையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.