தப்புத் தேதி

"அம்மா, இன்னிக்கு என்ன தேதின்னாவது தெரியுமா உங்களுக்கு?"

கெர்வாஸ் கிண்டலாகத்தான் கேட்டான். பழைய கணினித் திரையின் மூலையில் 28 என்று இருந்தது. அன்றைக்கு 29.

அந்த அலுவலகத்தைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் சைத்தூனி அம்மா ஜன்னல் வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெக்குப் படகு இன்னும் வரலை" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"வந்து என்ன? தேர்வுப் பதிவு நேத்தோட முடிஞ்சுபோச்சே!"

கிகோமா நகரத்திலிருந்து புதுக் கணினியோடு காலையிலேயே வந்து இறங்கியிருந்தான் கெர்வாஸ். கலெம்பே தேர்வுப் பதிவு அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்தது அரதப் பழசான விண்டோஸ். அதிலிருப்பதையெல்லாம் புது விண்டோஸுக்கு மாற்ற வேண்டும். 'அந்தம்மா லேசுல ஒத்துக்காது' என்று மேலதிகாரி முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது.

"நாளைக்கு மாத்திக்கலாமே தம்பி?"

"நேத்தே மாத்தியிருக்கணும்மா."

"சரி, சாப்பிட்டுட்டு மாத்தேன். உகாலிக் களி சூடா இருக்கு, பொரிச்ச மீன் இருக்கு."

"முதல்ல வேலை முடியட்டும்."

சைத்தூனி அம்மா உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். கை விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன.

"புதுசுல தேதியை நாமளே வச்சுக்கலாம்ல?"

"அந்தத் தொல்லையே கிடையாது. நெட்லேர்ந்து அதுவே எடுத்துக்கும். நீங்க கையே வைக்க வேண்டாம்."

அவர் முகம் சுண்டிப்போனது. புதுசைக் கண்டால் பயம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டான் கெர்வாஸ்.

"பயப்படாதீங்க. இந்த ஆபீஸ்ல எப்பவுமே தேதி தப்புதான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நான் தனித்தேர்வுக்குப் பதிவு பண்ணினதும் இங்கதான். எனக்குக் குடுத்த ரசீதுலயே தேதி தப்பு! இனிமே அந்தக் கூத்தெல்லாம் நடக்காது."

சைத்தூனி அம்மா அவனை உற்றுப் பார்த்தார்.

"எந்த ஊரு நீ?"

"தெக்கே, முசாங்கா."

"ஓ" என்றதோடு சரி.

ஒரு வழியாக எல்லாம் மாறியது. பழையதை அணைத்துவிட்டுப் புதியதை மேஜையில் வைத்தான். மூலையில் பளிச்சென்று 29.

அந்த நேரம் பார்த்து, துறையிலிருந்து படகின் சங்கு ஊதியது.

கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். முன்னால் வந்த பெண் இடுப்பில் சுற்றியிருந்த கங்கா துணி முழங்கால் வரை நனைந்திருந்தது. விண்ணப்பத்தை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள்.

"முடிஞ்சுபோச்சாண்ணே? நேத்தே வர வேண்டிய படகு. நடுவழியில எஞ்சின் நின்னுபோச்சு."

கெர்வாஸ் அவள் பெயரைத் தட்டினான். 'பதிவு முடிந்தது. கடைசி நாள் 28' என்றது திரை.

"அடுத்த வருஷம் வாம்மா."

"அடுத்த வருஷம் ஏதுண்ணே? இந்தத் தடவை எழுதலைன்னா கட்டிக் குடுத்துடுவாங்க."

சைத்தூனி அம்மா நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உன் ரசீதுல என்ன தேதி தம்பி?"

"இருபத்தெட்டு."

"நீ வந்த படகு என்னிக்குக் கரை சேர்ந்துச்சு?"

அப்போதுதான் கெர்வாஸுக்கு உறைத்தது. அன்றைக்கும் நடு ஏரியில் படகு நின்றுபோய், மறுநாள் 29ஆம் தேதிதான் கரை சேர்ந்தது. அன்றைக்கும் இப்படித்தான் ஓடி வந்தான். பதிவு கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டான். பிறகு, கணினி தானாகத் தேதி எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, 29ஐ 28 ஆக்கினான்.

ரசீது வந்தது. அந்தப் பெண் வாங்கிப் படித்தாள். நெற்றி சுருங்கியது.

"அண்ணே, தேதி தப்பா இருக்கே?"

சைத்தூனி அம்மா வாய் திறப்பதற்குள் கெர்வாஸ் முந்திக்கொண்டான்.

"இந்த ஆபீஸ்ல எப்பவுமே அப்படித்தான்மா. பத்திரமா வச்சுக்கோ."