ஐந்தாவது கையெழுத்து

கட்டட வேலைப் பாதுகாப்புப் பாடத்தைத் தயாரித்த குழுவில் ஐந்து பேர். நால்வர் செயற்கை அறிவு இயந்திரங்கள், ஐந்தாவது ஆள், இருபது வருடம் சித்தாளாக மண் சுமந்த குருவம்மா. 'மயக்கம் வந்தால் தலைக்கவசப் பொத்தானை அழுத்தவும்' என்று இயந்திரங்கள் எழுதியிருந்தன.

"அழுத்துனா மேஸ்திரி அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிடுறான். எவ அழுத்துவா? அதையும் எழுதுங்கய்யா."

"நாங்கள் நால்வரும் ஏற்கவில்லை, அம்மா. கையெழுத்திடுங்கள். தலைக்கவசங்களில் பாடம் தொடங்கும்போது, கையெழுத்துக்கான இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை அப்படியே வாசிப்போம்."

"அப்படியா சங்கதி?"

நாற்பது வயதில் எழுத்துக் கற்றவள், பேனாவை இறுக்கிப் பிடித்து மெதுவாக எழுதினாள்.

மறுநாள் பத்தாயிரம் தலைக்கவசங்கள், மேஸ்திரிகளுடையவையும் சேர்த்து, ஒரே குரலில் வாசித்தன. முதலில், கையெழுத்தாக, நான்கு இயந்திரங்களின் எண்கள். அடுத்து: "ஏ மேஸ்திரி, தலை சுத்துறவள நெழலுக்கு அனுப்பு, வீட்டுக்கு அனுப்பாத. இப்படிக்கு, குருவம்மா."