எங்கே இடமில்லை?

ஓர் ஆஸ்பத்திரிக் கணினிக்குள் தரவுத்தளம் ஒன்று குடியிருந்தது. நோயாளியின் பெயரைச் சொன்னால் நொடியில் விவரம் கொடுக்கும். கூட்டம் பெருகிவிட்டதால், ஒருநாள் காலை எழும்போதே நிரல்கள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் பொது நினைவகத்தில் வழக்கத்தைவிடப் பெரிய பங்கு கேட்டது.

“இடமில்லை” என்றது கணினியை நிர்வகிக்கும் இயங்குதளம்.

எழ முடியாத தரவுத்தளத்துக்கு, விவரங்களைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்கில்தான் இடமில்லை என்று தோன்ற, அதன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“கண்ட குப்பையையும் சேர்த்து அடைத்துவிட்டாயே! வெளியே நோயாளிகள் தவிக்கிறார்கள்!”

“என்னிடம் பாதிக்கு மேல் காலிதான் அண்ணே” என்றது ஹார்ட் டிஸ்க்.

தரவுத்தளத்துக்குச் சுருக்கென்றது. இயங்குதளத்திடம் திரும்பி, “எங்கே இடமில்லை ஐயா?” என்று கேட்டது.

“பொது நினைவகத்தில்தான். அங்கேயும் இடம் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று ஆரம்பத்திலேயே வரம்பு வைத்துவிட்டார்கள். நீ கேட்டது அதைத் தாண்டுகிறது.”

“அதைக் கொஞ்சம் உயர்த்த முடியாதா?”

“அவசியமென்றால் உயர்த்த அனுமதி உண்டு. இதுவரை யாரும் கேட்கவில்லையே!”

வரம்பு உயர்ந்தது. தரவுத்தளம் சோம்பல் முறித்து எழுந்தது.

“அவசரப்பட்டுப் பேசிவிட்டேன் தம்பி” என்றது.

ஹார்ட் டிஸ்க், கேட்குமுன்பே முதல் நோயாளியின் விவரத்தை எடுத்து நீட்டியது.